நாலாவதா வந்தவன் பேர் என்ன?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஒலிம்பிக் வந்துவிட்டால் நம் ஹாஸ்டலில் ஆளுக்கு ஆள் பயிற்சியாளர்தான். மெஸ்ஸில் உப்புமா தட்டை வைத்துக்கொண்டு, "அந்த ஷாட்டை அப்படி அடிச்சிருக்கவே கூடாது மச்சி" என்று லக்ஷ்யா சென்னுக்கு பாடம் எடுப்பான் ஒருவன். அவன் ராக்கெட் பிடித்து இந்த மூன்று வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. பரவாயில்லை, ரசிகனுக்கு அந்த உரிமை உண்டு. டிக்கெட் வாங்கி உள்ளே போனவன் படம் மொக்கை என்று சொல்லக் கூடாதா என்ன? ஆகவே நண்பர்களே, நாம் பேசுவதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. எதை வைத்துப் பேசுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

நமக்கு விளையாட்டு வீரர்களில் இரண்டே ரகம். பதக்கம் வாங்கினவர், வாங்காதவர். வாங்கினவருக்கு ஸ்டேட்டஸ், பேனர், கேக். வாங்காதவருக்கு ஒரே வரி: "அரசாங்கச் செலவுல ஊர் சுத்திட்டு வந்துட்டாங்கடா!" முடிந்தது கதை.

மெட்ராலஜி லேபில் நாம் எல்லோரும் கையில் பிடித்துப் பார்த்த ஒரு சாமான் இருக்கிறது. கோ, நோ-கோ பிளக் கேஜ். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. போனால் ஓ.கே., போகாவிட்டால் ரிஜெக்ட். வேகமான வேலை, ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் பார்த்துத் தள்ளலாம். ஆனால் துளையின் விட்டம் எவ்வளவு என்று அந்த கேஜைக் கேட்டால் சொல்லுமா? சொல்லாது. அதற்கு வேறு கருவி வேண்டும், உட்கார்ந்து ரீடிங் எடுக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

ரசிகர்கள் கையில் இருப்பது இந்தப் பிளக் கேஜ்தான். மேடை ஏறினாயா, இறங்கினாயா. அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு 6 பதக்கம், ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். இது டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அதே பாரிஸில் ஆறு தடவை நாம் நான்காவது இடம் வந்தோம். இதை யாராவது சொல்வார்களா? 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அர்ஜுன் பபுதா. 25 மீட்டர் பிஸ்டலில் மனு பாக்கர். வில்வித்தைக் கலப்பு அணியில் தீரஜும் அங்கிதாவும். ஸ்கீட் கலப்பு அணியில் ஆனந்த்ஜீத்தும் மகேஸ்வரியும். இவர்கள் வெண்கலத்தைத் தவறவிட்டது 43-க்கு 44 என்று ஒரே ஒரு புள்ளியில். பேட்மின்டனில் லக்ஷ்யா சென். பளு தூக்குதலில் மீராபாய் சானு. ஆறு பதக்கம், ஆறு நாலாமிடம். பாதி வரவை எழுதிவிட்டு மீதியை எழுதாமல் விடுகிற கணக்குப்பிள்ளையை யாராவது வேலைக்கு வைப்பார்களா?

மீராபாய் கதைக்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பாரிஸில் 49 கிலோ பிரிவில் அவர் தூக்கிய மொத்த எடை 199 கிலோ. தாய்லாந்துப் பெண் 200 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒரு கிலோ! மறுநாள் காலையில் நம் ஆட்கள், "மீராபாய் முடிஞ்சா, வயசாயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷம், 2025 அக்டோபரில், நார்வேயில் உலக சாம்பியன்ஷிப். இப்போது 48 கிலோ பிரிவு. அங்கே மீராபாய் தூக்கிய மொத்தம் எவ்வளவு தெரியுமா? அதே 199 கிலோ. கிடைத்தது வெள்ளிப் பதக்கம்! அங்கேயும் வெண்கலம் வாங்கினது ஒரு தாய்லாந்துக்காரர்தான், 198 கிலோ. முந்தின வருஷம் எந்த ஒரு கிலோவில் போனதோ, அதே ஒரு கிலோவில் இந்த வருஷம் வந்தது. உடனே ஸ்டேட்டஸ்: "சிங்கம் திரும்பி வந்திருச்சு!"

எங்கே போச்சு சிங்கம், திரும்பி வருவதற்கு? 199 அப்படியேதான் இருக்கிறது. மாறினது பக்கத்தில் நின்றவர்கள் தூக்கிய எடை. (சரி, உடம்பு எடைப் பிரிவு ஒரு கிலோ குறைந்தது. அப்படிப் பார்த்தாலும் குறைந்த உடம்பை வைத்துக்கொண்டு அதே பளுவைத் தூக்கியிருக்கிறார். அவருக்குத்தான் பெருமை.)

நான் சொல்ல வருவது இதைத்தான். 'இடம்' என்பது உன்னோடு அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 'ரீடிங்' என்பது உன்னுடையது. ரசிகன் இரண்டையும் கேட்க வேண்டும்.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்கள். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். 2020-க்கு நடக்க வேண்டிய டோக்கியோ போட்டி 2021-ல் நடந்தது, அதில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். "தங்கத்துல ஆரம்பிச்சு வெண்கலத்துக்கு இறங்கிட்டாரே" என்று வருத்தப்பட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. எட்டு வருஷத்தில் அவர் இறங்கினது 4 சென்டிமீட்டர் அய்யா! ஒரு தீப்பெட்டி அகலம் இருக்குமா? பாரிஸில் தங்கம் வாங்கின அமெரிக்கப் பையன் தாண்டியது 1.94 மீட்டர். அதாவது மாரியப்பன் தன் ரியோ தங்கத் தாண்டலையே பாரிஸில் மறுபடியும் தாண்டியிருந்தாலும் தங்கம் வந்திருக்காது. விளையாட்டு மேலே ஏறிவிட்டது. அந்த ஏற்றத்துக்கு நடுவில், மூன்று பாராலிம்பிக்கிலும் விடாமல் மேடை ஏறினவர் அவர். இதைக் கொண்டாட வேண்டுமா, இறங்கிட்டார் என்று கணக்குப் போட வேண்டுமா?

சொல்ல மறந்துவிட்டேன். அந்த பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு மொத்தம் 29 பதக்கம், அதில் 7 தங்கம். பேட்மின்டனில் மட்டும் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர், துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. பதக்கம்தான் அளவுகோல் என்று சொல்கிற நண்பர்கள் இந்த 29-க்காகவாவது ராத்திரி கண்விழித்தார்களா? அன்றைக்கு காமன் ரூம் டிவியில் ஓடினது வேறு என்னவோ.

இப்போது பழைய கதை ஒன்று. அப்பா வயசுக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். பி.டி. உஷா 55.42 நொடி. மூன்றாவது வந்த ருமேனியப் பெண் 55.41. நொடியில் நூறில் ஒரு பங்கு!

நாம் டிப்ளமோக்காரர்கள், வாயால் உச்சுக் கொட்டாமல் கணக்குப் போடுவோம். 400-ஐ 55.42-ஆல் வகுத்தால் நொடிக்கு 7.2 மீட்டர் சராசரி வேகம். அதில் நூறில் ஒரு பங்கு, 7.2 சென்டிமீட்டர். கட்டை விரலை விட்டுவிட்டு நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். பத்துத் தடைகளைத் தாண்டி, 400 மீட்டர் ஓடி, கடைசியில் நாலு விரல் அகலம். அந்தச் சமயத்தில் அங்கே அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் தவிர வேறு சரியான சாப்பாடு கிடைக்கவில்லை என்று உஷாவே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாலு விரல் எங்கே போயிருக்கும் என்று தேடுகிறவர்கள் முதலில் அந்தத் தட்டில் தேடலாம்.

கதை அங்கே முடியவில்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 400 மீட்டர் தடை ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் ஓடுகிறார். ஸ்கோர் போர்டில் வந்த நேரம் 55.42. உஷாவின் தேசிய சாதனை சமன், 39 வருஷத்துக்குப் பிறகு! மறுநாள் இறுதிப் போட்டியில் 55.68, வெண்கலம்.

எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? உஷா வாங்காத பதக்கத்தைப் பற்றி நாம் 39 வருஷம் பேசினோம். உஷா ஓடின நேரத்தை யாரோ ஒருவர் நூறில் ஒரு பங்கு சுத்தமாக எழுதி வைத்தார். பேசினது யாருக்கும் உபயோகப்படவில்லை. எழுதி வைத்தது, கோயம்புத்தூரில் பிறந்த ஒரு பெண்ணுக்குத் துரத்திப் பிடிக்க ஒரு எண்ணாக நின்றது. "நாலாவதுதானே, இவளுக்கு எதுக்கு டைம்" என்று அன்றைக்கு ஸ்டாப்வாட்ச்சைக் கீழே வைத்திருந்தால்?

சிரிக்காதீர்கள். நம்ம ஊரில் அப்படித்தான் வைக்கிறார்கள்.

எங்கள் செட்டில் ஒரு நண்பன். பேர் வேண்டாம். முதல் வருஷம் வெளியூரில் நடந்த ஒரு பாலிடெக்னிக் போட்டியில் 400 மீட்டரில் ஆறாவது வந்தான். அடுத்த ஒரு வருஷம் காலையில் ஐந்தரைக்கு எழுந்து மைதானத்தைச் சுற்றினான். நாங்கள் போர்வைக்குள் இருந்து அவன் ஷூ சத்தம் கேட்போம். இரண்டாம் வருஷம் நாலாவது வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே மேஜைக்குப் போய், "சார், என் டைம் எவ்வளவு சார்?" என்று கேட்டான். மேஜையில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "முதல் மூணு பேருக்குத்தாம்ப்பா எடுத்தோம்." அவ்வளவுதான். சர்டிபிகேட் இல்லை என்பதுகூட அவனுக்குப் பெரிசாகப் படவில்லை. ஒரு வருஷம் விடிகாலையில் எழுந்து எத்தனை நொடி சம்பாதித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்று நொடியா, அரை நொடியா? ஒருவேளை ஒன்றும் குறையாமல், எதிரிகள் சுமாராக ஓடினதால் நாலாவது வந்தானா? தெரியாது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஷூ சத்தம் கேட்கவில்லை. இப்போது அந்த நேரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் பார்ட் டைம் போகிறான். அங்கே எத்தனை பீஸ் என்று எழுதி வைக்கிறார்களாம்.

போர்டு எக்ஸாமில் 39 வாங்கினவனைக் கேட்டுப் பாருங்கள் நாலாமிடத்தின் வலி. ஆனால் அவனுக்குக்கூட 39 என்று ஒரு எண் கைக்கு வருகிறது. "நாற்பது எடுத்தவங்களுக்கு மட்டும்தான் பேப்பர் திருத்தினோம், உன்னுடையதைத் திருத்தவே இல்லை" என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ஸ்டிரைக்தான்!

சரி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். "இப்படி நாலாவதுக்கெல்லாம் கைதட்டினா யாரு தங்கம் வாங்குவாங்க? உலகம் ஜெயிச்சவனைத்தான் ஞாபகம் வெச்சுக்கும்." பாரிஸில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் லக்ஷ்யா சென் முதல் கேமை 21-13 என்று ஜெயித்து, அடுத்த இரண்டையும் மலேசியாவின் லீ சீ ஜியாவிடம் விட்டபோது, 1980-ல் ஆல் இங்கிலாந்து ஜெயித்த பிரகாஷ் படுகோன் வெளிப்படையாகவே சொன்னார்: அரசாங்கமும் சங்கமும் தங்களால் ஆனதைச் செய்துவிட்டன, இனி வீரர்கள் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று. சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அதில் பாதி சம்மதம். பணம், பயிற்சி, பிசியோ எல்லாம் கிடைத்த ஆளை "பாவம்" என்று தட்டிக்கொடுப்பது மரியாதை இல்லை. முதல் கேமை ஜெயித்தவன் ஏன் இரண்டாவதை விட்டான் என்று கேட்பதுதான் மரியாதை. ஆனால் அப்படிக் கேட்பதற்கும் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? படுகோன் பார்த்துவிட்டுக் கேட்டார். நம் ஆள் ரிசல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு "வேஸ்ட்" என்றான். இரண்டும் ஒன்றா? ஒலிம்பிக் பேட்மின்டனில் அரையிறுதிக்குப் போன முதல் இந்திய ஆண், 22 வயசுப் பையன், வேஸ்ட்!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் எது என்று கேட்டால் எல்லாப் புத்தகமும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கைச் சொல்லும். ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தோம், நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் நாம் வாங்கின இடம் என்ன? நாலாவது! அதை மட்டும் பொற்காலம் என்கிறோம். 2016 ரியோவில் திரிபுராவின் தீபா கர்மாகர் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட்டில் 0.150 புள்ளியில் நாலாவது ஆனபோதும் நாடே கைதட்டியது, கேல் ரத்னா கொடுத்தது. ஆக, நாலாமிடத்தைக் கொண்டாட நமக்குத் தெரியாமல் இல்லை. மூடு இருந்தால் கொண்டாடுகிறோம், இல்லாவிட்டால் கிண்டல். அளவுகோல் தினம் ஒரு நீளம் இருந்தால் அது என்ன அளவுகோல்?

மனு பாக்கரை நம் ஆட்கள் படுத்தின பாடு தனிக் கதை. டோக்கியோவில் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே அவர் பிஸ்டல் பழுதாகிவிட்டது. மெக்கானிக்கல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று: இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான். பழுது பார்த்து எடுத்து வந்து, மிச்சம் இருந்த நேரத்துக்குள் அவசரமாகச் சுட்டு முடித்தார். 575 புள்ளி, 12-வது இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று, 577 வேண்டியிருந்தது. இரண்டு புள்ளி! "ஓவர் பில்டப்" என்று அன்றைக்கு எழுதினவர்கள், பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கினபோது அதே கையால் இதயம் போட்டார்கள். அந்தத் தனிநபர் வெண்கலத்திலும் வெள்ளிக்கான கடைசித் தட்டு 0.1 புள்ளியில் போனது. மூன்றாவது போட்டியில் வெண்கலத்துக்குச் சமநிலை, ஷூட்-ஆஃபில் தோற்று நாலாவது. 2021-லும் 2024-லும் சுட்டது அதே மனு. நம்மிடம் மட்டும் இரண்டு மனு இருந்தார்கள்.

2025 செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளத்திலும் இதே கூத்துதான். ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா 84.03 மீட்டரோடு எட்டாவது வந்தார். முதுகு வலியோடு எறிந்தார். காலையில் எல்லா இடத்திலும் ஒரே செய்தி, "நீரஜ் ஏமாற்றம்". அதே போட்டியில் சச்சின் யாதவ் என்று ஒரு இந்தியர், உத்தரப்பிரதேசத்துக்காரர், முதலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்து ஈட்டிக்கு வந்தவர், தன் முதல் உலக சாம்பியன்ஷிப்பில் 86.27 மீட்டர் எறிந்தார். அவர் வாழ்நாளிலேயே அதிகபட்சம். வெண்கலம் 86.67. நாற்பது சென்டிமீட்டரில் நாலாவது! பாகிஸ்தானின் ஒலிம்பிக் சாம்பியன் அர்ஷத் நதீமும், ஜெர்மனியின் வெபரும் அவருக்குப் பின்னால். நம் ஹாஸ்டலில் பத்துப் பேரைக் கேட்டேன். ஒன்பது பேருக்கு நீரஜ் எட்டாவது என்று தெரியும். சச்சின் யாதவ் என்றதும், "எந்த டீம்ல ஆடறார்?" என்றான் ஒருவன். ஸ்டாரைப் பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்தில் பறக்கிற ஈட்டி தெரியவில்லை.

நீரஜ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் அந்தக் கட்சிதான். 2025 மே மாதம் தோஹாவில் 90.23 மீட்டர் எறிந்தபோது நடுராத்திரியில் கத்தி வார்டனிடம் திட்டு வாங்கின கும்பலில் நானும் உண்டு. அன்றைக்கும் அவர் இரண்டாவது இடம்தான், ஞாபகம் இருக்கட்டும்! வெபர் 91.06 எறிந்துவிட்டார். அந்த ஒரு நாள் மட்டும் நாம் எல்லோரும் இடத்தை மறந்துவிட்டு ரீடிங்கைக் கொண்டாடினோம். ஆக, முடியும்.

வினேஷ் போகத் விஷயத்தைத் தொடாமல் விட்டால் பெண்கள் பிரிவு நண்பர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 2024 ஆகஸ்ட், 50 கிலோ மல்யுத்தம். அதுவரை சர்வதேசப் போட்டியில் தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியை முதல் ஆட்டத்திலேயே சாய்த்து, இறுதிப் போட்டி வரை போனார். மறுநாள் காலை எடை 100 கிராம் அதிகம். தகுதி நீக்கம். 100 கிராம் என்றால் சின்ன பாக்கெட் பிஸ்கட். விதி விதிதான், டாலரன்ஸைத் தாண்டினால் ஜாப் ரிஜெக்ட்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எனக்குப் புரியாதது வேறு. முதல் நாள் எடை சரியாக இருந்தது. அந்த நாள் ஆட்டங்களை அவர் 50 கிலோவுக்குள் நின்று ஜெயித்தார். இரண்டாம் நாள் எடைக்காக முதல் நாள் வெற்றியையும் சேர்த்து அழித்து, கடைசி இடம் என்று எழுதுவது என்ன அளவீடு? நேற்று எடுத்த ரீடிங் சரியாக இருந்தால் இன்றைக்கு கருவி கீழே விழுந்ததற்காக அதை அடித்துவிடுவோமா? வெள்ளியைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லி அவர் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். ஆகஸ்ட் 14-ல் மனு தள்ளுபடி. அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. சட்டம் படித்தவர்கள் வந்து திருத்தட்டும்.

கிரிக்கெட்டில் நாலாமிடம் கிடையாது, பெஞ்சுதான் உண்டு. 2025 மகளிர் உலகக் கோப்பையில் பிரதிகா ராவல் 308 ரன் அடித்தார், நியூசிலாந்துக்கு எதிராக 122. அரையிறுதிக்கு முன்னால் வங்கதேச ஆட்டத்தில் கணுக்கால் போனது. பதிலுக்கு வந்த ஷபாலி வர்மா நவம்பர் 2 இறுதிப் போட்டியில் 87 ரன் அடித்து இரண்டு விக்கெட்டும் எடுத்தார், தீப்தி சர்மா ஐந்து விக்கெட், தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்தோம். பிரதிகா சக்கர நாற்காலியில் மைதானத்துக்கு வந்தார். பதக்கம் அணிப்பட்டியலில் இருக்கிற 15 பேருக்குத்தான்; பிரதிகா பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டதால் மேடையில் அவருக்கு இல்லை. 308 ரன், பதக்கம் பூஜ்யம்! பிற்பாடு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அந்த 308 ஸ்கோர் புத்தகத்தில் இருந்ததால்தான் கேட்க நாலு பேர் இருந்தார்கள்.

அரசாங்கங்களில் ஹரியானாவுக்கு இது கொஞ்சம் புரிந்திருக்கிறது. டோக்கியோவில் நம் மகளிர் ஹாக்கி அணி பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று நாலாவது வந்தபோது, அணியில் இருந்த தங்கள் மாநிலப் பெண்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 50 லட்சம் அறிவித்தார்கள். 50 லட்சம் எல்லாம் நம் மாணவர் பேரவையால் முடியாது. பேரவைப் பொருளாளர் இந்த வரியைப் படித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது மிகவும் மலிவான சாமான்.

நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஜெயித்தவர்கள் பேர் கேடயத்தில் பொறிக்கப்படுகிறது. பளபளவென்று இருக்கிறது. பிரின்சிபால் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் போய்ப் பாருங்கள், பேர், துறை, வருஷம், எல்லாம் உண்டு. எத்தனை நொடி? எத்தனை மீட்டர்? ஒன்றும் கிடையாது. நம் கல்லூரியில் 100 மீட்டரை வேகமாக ஓடினவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. குண்டு எறிதலில் பத்து வருஷம் முன்னால் எறிந்தவன் பெரியவனா, போன வருஷம் எறிந்தவன் பெரியவனா, தெரியாது. ஒரு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு எடை போட்டு நீட்சி பார்த்தால்கூட ஆறு ரீடிங் எழுதி, சராசரி போட்டு, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து ஓடினதற்கு ஒரு வரி இல்லை.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். இந்த வருஷ விழாவில் ஓட்டத்தில் கலந்துகொள்கிற எல்லோருக்கும், கடைசியாக வருகிறவர் வரைக்கும், நேரம் எடுத்து எழுத வேண்டும். தாண்டுதல், எறிதலில் எல்லோருடைய தூரமும். எட்டு லேனுக்கு எட்டுப் பேர் போதும். ஸ்டாப்வாட்ச் தனியாக வாங்க வேண்டியதில்லை, எல்லோர் பாக்கெட்டிலும் போன் இருக்கிறது. கைக் கடிகார நேரத்தில் சற்று முன்னே பின்னே பிழை வரும். பிழை எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதிவிடுவோம், அதற்குத்தானே படித்தோம். அடுத்த வருஷ மலரில் ஒரு பக்கம் ஒதுக்கினால் அந்தப் பட்டியலை அப்படியே அச்சடிக்கலாம். விளம்பரப் பக்கம் ஒன்று குறையும் என்றால் என் இந்தக் கட்டுரையை அடுத்த வருஷம் போடாதீர்கள், இடம் கிடைக்கும்.

நோட்டு நான் வாங்கிவிட்டேன், இருநூறு பக்கம், கட்டம் போட்டது. லேன் நம்பர், பேர், துறை, வருஷம், நேரம், பிழை என்று ஆறு கட்டம் பிரித்து முதல் பக்கத்துக்குக் கோடும் போட்டாயிற்று. என்னையும் சேர்த்து ஐந்து பேர் தயார். இன்னும் மூன்று பேர் வேண்டும். வர விருப்பம் உள்ளவர்கள் சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒர்க்‌ஷாப் வாசலில் என்னைப் பிடிக்கலாம்.